மூன்றாம் மாடிக்கு வரும் காற்று

யோகேஸ்வரி எத்தனையோ நகரங்களைக் கட்டியிருக்கிறார். ஒன்றில்கூட ஆள் குடியேறியதில்லை. அந்த வீடுகளுக்குக் கதவும் கிடையாது, சன்னலும் கிடையாது. கட்டைவிரல் உயரத்துக்கு அறுத்து, மழமழவென்று தேய்த்த மரக்கட்டைதான் வீடு. பலகையின் மேல் இருபுறமும் ஒட்டும் நாடாவை ஒட்டி, அளவுகோலை வைத்து, ஒவ்வொரு கட்டையாக நடுவார். சில பலகைகளில் கட்டைகள் தோட்டத்து ரப்பர் மரங்களைப் போல நேர்வரிசையில் நிற்கும். சிலவற்றில் செங்கல் சுவர் எழுப்புவதைப் போல ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை விலகி நிற்கும். முடித்ததும் நகரத்தைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு நீண்ட பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்துவார். மறுமுனையில் ஆள் உயர விசிறி சுற்றத் தொடங்கும். நகரத்துக்குள் காற்று வரும்.

அந்தப் பெட்டிக்குக் காற்றுச் சுரங்கம் என்று பெயர். ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்கட்டில், உணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. மீ கோரிங் வாங்கப் போகிற மாணவர்கள் அதைச் சாமான் அறை என்று நினைத்துக் கடந்து போவார்கள். யோகேஸ்வரி அங்கே ஆய்வுக்கூட உதவியாளர். பொறுப்பில் இருப்பவர் டாக்டர் ஆப்ரின். கட்டடக் கூட்டங்களுக்குள் காற்று எப்படி நுழைகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே செத்துப் போகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

காற்றை எப்படி அளப்பது? கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடிபடாது. அதற்கு ஒரு கம்பி இருக்கிறது. தலைமுடியைவிடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது. மின்சாரம் பாய்ச்சி அதைச் சூடாக வைத்திருப்பார்கள். காற்று பட்டால் கம்பி குளிரும். குளிர்ந்த கம்பியை மறுபடி சூடாக்க எவ்வளவு மின்சாரம் செலவாயிற்றோ, அதிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். சூடான கஞ்சியை ஊதிக் குடிக்கிற எல்லாருக்கும் தெரிந்த உண்மைதான் இது. அந்த உண்மையை இவ்வளவு மெல்லிய ஒரு கம்பியில் கட்டி வைக்க மனித மூளைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யோகேஸ்வரி முதன்முதலாகப் புகைவிட்டுப் பார்த்ததை இப்போதும் சொல்வார். கட்டைகளை நெருக்கமாக நட்ட ஒரு நகரம். புகை வந்தது. கூரைகளுக்கு மேலே ஆறு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. கீழே தெருவுக்குள் இறங்கவே இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கொஞ்சம் புகை மட்டும் அதே இடத்தில் உருண்டு உருண்டு சுற்றியது. தலைக்கு மேலே ஆறு ஓடுகிறது, இது ஒரு கிணறு போல நிற்கிறது.

"டாக்டர், இது எங்க பிளாட்டு" என்றாராம் யோகேஸ்வரி.

உண்மைதான். அவர் பிறந்தது சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே துரையின் பங்களா குன்றின் மேல் இருந்தது, தொழிலாளர்களின் லயன் வீடுகள் பள்ளத்தில் ஒன்றோடொன்று முதுகு ஒட்டி நின்றன. ஆறு பெருகினால் தண்ணீர் முதலில் லயத்துக்கு வரும். காற்று வீசினால் கடைசியில் லயத்துக்கு வரும். இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் சரித்திரம் படிக்காதவர்கள். தோட்டத்தை விற்றதும் பள்ளத்து மனிதர்களை நகரத்து மலிவு விலை பிளாட்டுகளுக்கு அனுப்பினார்கள். யோகேஸ்வரியின் குடும்பம் தம்போய்க்கு வந்தது. ஐந்து மாடிக் கட்டடங்கள், நடுவில் சந்து. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் நாலு வீட்டுக்குக் கண் எரியும் நெருக்கம். திசைக்கு ஒன்றாக நாலு காற்றுக்கும் பெயர் வைத்த மொழி நம்முடையது. எந்தக் காற்று யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர்களைக் கேள்வி கேட்கத்தான் நமக்கு வாய் எழவில்லை.

ஆனாலும் அந்த பிளாட்டுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது. தெற்குப் பக்கம் ஒரு திடல். சாயங்காலமானால் நீரிணையிலிருந்து கிளம்பும் காற்று அந்தத் திடலைத் தாண்டி வந்து மூன்றாம் மாடி நடைபாதையைத் தொடும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் யோகேஸ்வரியின் கணவர் குணாளன் உட்கார்ந்திருப்பார். நாற்காலி மேசைகளுக்கு வார்னிஷ் அடிக்கும் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். முகமூடி கொடுத்தார்களா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடியும். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் மின்விசிறி போட்டால் சூடான காற்றுதான் சுற்றும். சாயங்காலம் நடைபாதைக்கு வந்த பிறகுதான் அவரால் ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல் பேச முடியும்.

"உன் சுரங்கத்துல சும்மா சுத்துற காத்துல கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொண்டாயேன்" என்பார்.

"கொண்டாந்தா அதுலயும் உப்பு பத்தலன்னு சொல்வீங்க" என்பார் யோகேஸ்வரி.

அந்தத் திடல் விற்கப்பட்டது. முப்பது மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று தகரவேலியில் படம் ஒட்டினார்கள். படத்தில் நீச்சல் குளமும் நாய்க்குட்டியும் இருந்தன. படம் வரைந்தவர் பின்னால் இருக்கும் பிளாட்டுகளை அழித்துவிட்டு மரங்களைப் போட்டிருந்தார்.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் சதாசிவம், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. தரைத்தளத்தில் இருப்பவர், மாடிப்படிக் கீழே நின்று கூப்பிட்டால் ஐந்தாம் மாடிக்குக் கேட்கும். "யோகேசு! முப்பது மாடி வந்தா நமக்கு ஏதும்மா காத்து? உங்க மெஷினு சொன்னா நகர மன்றத்துல கேப்பாங்க லா!"

யோகேஸ்வரி தயங்கித் தயங்கித்தான் ஆப்ரினிடம் கேட்டார். ஆப்ரின் உடனே ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "நீங்க அங்க குடியிருக்கீங்கன்னு முதல் பக்கத்துலயே எழுதிடுவோம் கா. எழுதாம விட்டா நாளைக்கு அதையே சொல்லி அடிப்பாங்க."

யோகேஸ்வரி தன் சொந்த பிளாட்டை மரத்தில் செதுக்கினார். சந்துகள், தண்ணீர்த் தொட்டி, கோயில் கொட்டகை எல்லாம் அளவு தப்பாமல் வந்தன. மூன்றாம் மாடி நடைபாதை ஒரு பென்சில் கோடு. குணாளனின் நாற்காலி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். முதலில் திடலைக் காலியாக விட்டுக் காற்றை அளந்தார்கள். அடுத்ததாகத் திடலில் புதிய கட்டடத்தை வைக்க வேண்டும். அதற்கு அடியில், திடலின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கார் நிறுத்தும் மாடிகள். அவற்றின் மேல் ஒல்லியாகக் கோபுரம்.

நடுவில் ஆயுத பூசை வந்தது.

யோகேஸ்வரி ஒவ்வோர் ஆண்டும் சுரங்கத்துக்குப் பூசை போடுவார். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, கடைசியில் விசிறியை ஒருமுறை ஓட்டி நிறுத்துவார். படைத்த கருவி அன்றைக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். ஆப்ரினுக்கு அதில் சுண்டல் மீதுதான் பக்தி. பூசைக்கு முன்னால் அந்த மெல்லிய கம்பியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது வழக்கம். அந்த ஆண்டு கழற்றவில்லை. குணாளனின் புள்ளிக்கு நேராக அதைப் பொருத்தவே பெரும்பாடு பட்டிருந்தார்கள். கழற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைக்கு யோகேஸ்வரி வழக்கத்தைவிட அதிகமாகவே வேண்டிக்கொண்டார். சுரங்கத்தின் வாயில் திருநீற்றைப் பட்டையாகப் பூசினார். சூடம் கரும்புகை விட்டு எரிந்து அடங்கியது. ஒரு சிட்டிகைத் திருநீற்றை உள்ளே, தன் பிளாட்டு இருக்கும் பக்கம் தூவினார். "போடுங்க டாக்டர்" என்றார். ஆப்ரின் பொத்தானை அழுத்தினார். அந்தச் சுரங்கத்தின் விசிறி காற்றை ஊதுவதில்லை, உறிஞ்சும். திருநீறும் சூடக்கரியும் நகரத்தின் வழியாக நடந்து போயின. இரண்டு பேரும் சுண்டல் சாப்பிட்டார்கள்.

அடுத்த வாரம் புதிய கட்டடத்தை வைத்து அளந்தார்கள். மூன்றாம் மாடியின் காற்று பாதியாகக் குறைந்திருந்தது.

சாயங்காலமே யோகேஸ்வரி குணாளனிடம் சொல்லிவிட்டார். குணாளன் பக்கத்து வீட்டில் சொன்னார். சதாசிவம் துணிப் பதாகையே அடித்துவிட்டார். "எங்கள் மூச்சில் பாதியைத் திருடாதே" என்று தமிழிலும் மலாயிலும் எழுதி வேலியில் கட்டினார்கள். மன்ற விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. அத்தனை காலமும் கத்திக் கத்திப் பார்த்த மனிதர்களின் கையில் முதல்முறையாக ஓர் எண் இருந்தது.

ஆப்ரின் அறிக்கைக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா, இங்க வாங்களேன்."

கோபுரத்துக்கும் மேலே, எந்தக் கட்டடமும் எட்டாத உயரத்தில், ஒவ்வொரு சோதனையிலும் அதே கம்பியை நேராக உயர்த்தி ஒரு முறை காற்றை அளப்பார்கள். அங்கே காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. கீழே என்ன கட்டினாலும் அந்த எண் மாறக் கூடாது. அதுவும் குறைந்திருந்தது.

"கீழ நாம கட்டுனது, மேல வானத்துல போற காத்த எப்படி நிறுத்தும்?" என்றார் ஆப்ரின்.

யோகேஸ்வரி போய்க் கம்பியைக் கழற்றிப் பெரிதாக்கும் கண்ணாடியின் கீழ் வைத்தார். பளிச்சென்று இருக்க வேண்டிய கம்பியின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்த மாதிரி ஒரு படிவு. போர்வை போர்த்திய ஆளுக்குக் குளிர் தெரியாது. அதே போலப் படிவு போர்த்திய கம்பிக்குக் காற்று தெரியவில்லை. வீசிய காற்றைவிடக் குறைவாகவே அது சொல்லியிருந்தது.

"டாக்டர். அது என் துண்ணூறு."

ஆப்ரின் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார், "ஃபேன போட்டது நான்தானே கா. சுண்டலும் தின்னேன்."

இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. பதாகை கட்டியாயிற்று. எதிர்ப்பக்கம் பணமும் வழக்கறிஞரும் நாய்க்குட்டிப் படமும் இருக்கின்றன. ஏழைகளின் பக்கம் ஒரே ஓர் எண், அதுவும் பொய். நியாயத்துக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள், உண்மை ஒன்றுதான் ஏழைக்குச் செலவில்லாமல் கிடைக்கும் ஆயுதம் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இதை எழுதுவது எளிது. யோகேஸ்வரிக்கு அது எளிதாக இல்லை. அந்தப் புள்ளியில் உட்கார்ந்திருப்பவர் அவருடைய கணவர்.

சாயங்காலம் நடைபாதையில் நின்றபடியே சொன்னார். குணாளன் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் வெடித்துச் சிரித்தார். இருமல் அடங்கும் வரை யோகேஸ்வரி அவர் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

"சாமிக்குப் போட்ட சாம்பல் கம்பிக்கு ஒத்துக்கலையாக்கும்!"

"சிரிக்காதீங்க. திரும்ப அளந்து, ஒண்ணுமே கொறையலன்னு வந்துட்டா? அவன் கட்டிட்டுப் போயிடுவான். நீங்க எங்க போய் உக்காருவீங்க?"

குணாளன் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "யோகேசு, நீ எழுதற நம்பரு மன்றத்த ஏமாத்தும். சதாசிவத்த ஏமாத்தும். என் நெஞ்ச ஏமாத்துமா? காத்து எவ்வளவு வருதுன்னு அதுக்குத் தெரியும். போய் மறுபடி அளந்துட்டு வா."

புதிய கம்பி போட்டு, சரிபார்த்து, இரண்டு நிலைகளையும் மறுபடி அளந்தார்கள். மூன்றாம் மாடியில் காற்று குறையத்தான் போகிறது. ஆனால் பாதி இல்லை, ஐந்தில் ஒரு பங்கு. தரைத்தளத்தில்தான் மோசம், அங்கே காற்று ஏறக்குறைய நின்றேவிடும்.

"அலமாக்! பேனர் அடிச்சாச்சு லா!" சதாசிவம் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாதின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப போய் அஞ்சுல ஒண்ணுன்னா சிரிக்க மாட்டானுங்க?"

"கீழ்வீட்டுக்கு ஒண்ணுமே வராதுண்ணே. உங்க வீட்டுக்குத்தான்" என்றார் யோகேஸ்வரி. சதாசிவம் வாயை மூடியதை அன்றுதான் பார்த்தேன் என்று குணாளன் பிறகு ஊரெல்லாம் சொன்னார்.

அப்போதுதான் ஆப்ரினுக்கு ஒரு கேள்வி எழுந்தது. எல்லாரும் முப்பது மாடியைத்தானே திட்டுகிறோம். குற்றவாளி உயரம்தானா? அடியில் அகலமாக நிற்கிற கார் மாடிகளை எடுத்துவிட்டு, கோபுரத்தைத் தூண்களின் மேல் நிறுத்திப் பார்த்தால் என்ன?

தூணுக்கு எங்கே போவது? யோகேஸ்வரி உணவுக்கூடத்துக்குப் போய் இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சி ஒரு கட்டு வாங்கி வந்தார். வெட்டித் தேய்த்து, கோபுரத்துக்குக் கால் வைத்தார். வெறுங்கால்களில் நிற்கிற கோபுரம் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. புகையை விட்டார்கள்.

அடுத்து அவர்கள் பார்த்ததைச் சொல்லும்போது யோகேஸ்வரியின் கைகள் தாமாகவே மேலே போய்விடும். உயரத்தில் வந்த புகை கோபுரத்தின் நெற்றியில் மோதியது. இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போகும் என்று நினைத்தார்கள். பெரும்பகுதி ஒதுங்கத்தான் செய்தது. மிச்சம் சுவரோடு சுவராகக் கீழே இறங்கியது. அருவி இறங்குகிற மாதிரி இறங்கி, தரையைத் தொட்டு, சத்தே குச்சிகளுக்கு நடுவே புகுந்து, மறுபக்கம் பிளாட்டுச் சந்துக்குள் பாய்ந்தது. கூரைக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடிய அந்த ஆறு, யாரும் எட்டிப் பிடிக்க முடியாத உயரத்துக் காற்று, ஏழைகளின் தெருவுக்கு இறங்கி வந்துவிட்டது. அதற்கு ஏணி போட்டது அவர்கள் இத்தனை நாள் திட்டிய அதே கோபுரம்.

கம்பி சொன்ன எண்ணை ஆப்ரின் இரண்டு முறை வாசித்தார். திடல் காலியாக இருக்கும்போது வருவதைவிட அதிகம். தரைத்தளத்திலும்.

"சுபஹானல்லா" என்றார் ஆப்ரின்.

யோகேஸ்வரிக்கு வாயில் சாமி பெயர் வரவில்லை. கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்தபடி நின்றார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று, இவ்வளவு ஒழுங்காகத் திரும்புகிறது, இறங்குகிறது, வழி கேட்டு நுழைகிறது. அதற்குப் பணக்காரன் வீடு, ஏழை வீடு என்ற பேதம் தெரியாது. பேதத்தைக் கட்டி வைப்பது நாம்தான், கல்லாலும் சிமெண்டாலும்.

விசாரணை ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தது. கட்டட நிறுவனத்தின் பொறியாளர் பதாகையின் படத்தைத் திரையில் காட்டினார். "பாதி என்றீர்கள். அறிக்கையில் ஐந்தில் ஒன்று என்கிறீர்கள். எதை நம்புவது?"

ஆப்ரின் எழுவதற்குள் யோகேஸ்வரி எழுந்துவிட்டார். மலாயில் சொன்னார். பூசை, திருநீறு, சூடம், கம்பியில் படிந்த படிவு எதையும் விடவில்லை. கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. பொறியாளரும் சிரித்தார்.

"நல்லா சிரிங்க. என் வீட்டுக்காரரும் சிரிச்சாரு" என்று தமிழில் தன்னை மறந்து சொல்லிவிட்டு, மறுபடி மலாய்க்கு வந்தார். "தப்பாக அளந்தது நான். தப்பு என்று கண்டுபிடித்ததும் அதே சுரங்கம்தான். நீங்களே வாருங்கள். உங்கள் கையால் புதுக் கம்பியைப் போடுங்கள். நான் எட்டி நிற்கிறேன்."

நிறுவனத்தார் வரமாட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தலைமை தாங்கிய அதிகாரி அம்மையார் மட்டும் அந்த அழைப்பைக் குறித்துக்கொண்டார். வந்தார்கள். பொறியாளர் கம்பியைத் தானே பொருத்தினார், எண்களைத் தானே வாசித்தார். புகை கோபுரத்திலிருந்து இறங்கிச் சத்தே குச்சிகளுக்குள் புகுந்தபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

தீர்ப்பு முழு வெற்றி இல்லை. கார் மாடிகளில் ஒரு பகுதியை மட்டும் திறந்து தூண்களாக விடச் சொல்லி உத்தரவு வந்தது. யோகேஸ்வரி அதையும் மரத்தில் செய்து வைத்து அளந்தார். மூன்றாம் மாடிக்கு இன்று வருவது அப்படியே வரும், குணாளனின் நாற்காலி தப்பியது. தரைத்தளத்துக்கு வர வேண்டியதில் பாதிதான் வரும். இந்தப் பாதி உண்மையான பாதி, கம்பி பளிச்சென்று இருந்தது.

நாம் அளந்து காட்டிய பிறகும் கீழே இருப்பவனுக்குப் பாதிதானா என்று கேட்டு மேல்முறையீடு போயிருக்கிறது. அதற்காக யோகேஸ்வரி இன்னும் சத்தே குச்சிகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆண்டும் ஆயுத பூசை நடந்தது. "இதுக்கப்புறமும் பூசையா?" என்று குணாளன் கேட்டார். "ஏன், சாமியா கம்பில போய் உக்காந்துச்சு? நான்தானே கழட்டாம விட்டேன்" என்றார் யோகேஸ்வரி. கம்பி பெட்டிக்குள் போன பிறகுதான் சூடம் ஏற்றினார். மறுநாள் சுரங்கத்தை இரண்டு முறை துடைத்தார். தவறு எங்கே என்று தெரிந்துகொண்டவரிடம் அதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது?

திடலில் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. சாயங்காலங்களில் மூன்றாம் மாடியில் இப்போது இரண்டு நாற்காலிகள். சதாசிவம் படியேறி வந்துவிடுகிறார்.

"கீழ காத்து வர்ற வரைக்கும்தான் லா" என்கிறார்.

"வாங்கண்ணே. ஆனா மெதுவாப் பேசுங்க" என்கிறார் குணாளன், ஒரு முழு வாக்கியத்தை நிறுத்தாமல். "நீங்க வாயத் தெறந்தா வர்ற காத்து திரும்பிப் போயிருது."